இருமலுக்கு முன்னால் ஒரு பிடி

காலை ஒன்பது இருபது. ஆடி மாதத்து இரண்டாவது திங்கட்கிழமை. முதலில் கண்ணில் பட்டது நாற்காலி. அதன் மேல் ஒரு யூரியா சாக்கு நான்காக மடித்துப் போடப்பட்டிருந்தது. போட்டவர் அதில் உட்காரவில்லை. பக்கத்துச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"சாக்கு எதுக்கும்மா?"

"ஒங்க சேரு பாழாப் பூடும் மேடம். நான் நின்னுக்கினே சொல்றேன்."

இது நடந்தது கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில். அங்கே நான் பிசியோதெரபிஸ்ட். அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது, வேலையில் இருபத்தாறாவது வருடம். இப்போது வேலையை விட்டுவிட்டேன். இந்தப் படிப்பை முடித்து வெளியே வரும் பெண்கள் எப்போதும் முழங்கால், இடுப்பு, தோள்பட்டை பற்றியே என்னிடம் கேட்கிறார்கள். யாரும் கேட்காத ஒன்றைப் பற்றி எழுதுகிறேன்.

நின்றவர் நீட்டிய ரெஃபரல் சீட்டை எங்கள் மகப்பேறு டாக்டர் எழுதியிருந்தார். பெயர் பச்சையம்மா. வயது ஐம்பத்து நான்கு. மாதவிலக்கு நின்று நான்கு வருடம். மூன்று பிரசவம். சர்க்கரை இல்லை, கர்ப்பப்பை இறங்கவில்லை. இருமினால், தும்மினால், பாரம் தூக்கினால் சிறுநீர் கசிகிறது. கடைசி வரி: பெல்விக் ஃப்ளோர் எக்சர்சைஸ், அதாவது இடுப்புக் குழியின் அடித்தளத் தசைக்கான பயிற்சி, மூன்று மாதம்.

"எத்தன நாளா இருக்குது?"

"நாளா? ரெண்டு வருசமா இருக்குது. வெளிய தெரிஞ்சது போன தையிலதான்."

அவர் ஊர் கச்சிராயபாளையம் பக்கம். நடவு செட்டில் வேலை. செட்டு என்றால் பதினான்கு பெண்கள். மேஸ்திரி செல்வராசு காலை ஆறரைக்கு ஒரு குட்டியானை வண்டியில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போய் அன்றைக்கு வேலை உள்ள வயலில் இறக்குவார். சேற்றில் இறங்கிவிட்டால் எல்லோர் புடவையும் ஒரே ஈரம்தான், யாருக்கும் ஒன்றும் தெரியாது. தெரிந்தது வண்டியில். தை மாதத்தில் ஒரு நாள் யாரோ ஏதோ சொல்ல, வண்டி ஒரு பள்ளத்தில் இறங்க, பச்சையம்மா சிரித்துவிட்டார். பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்த சரசு துள்ளி எழுந்து தன் புடவையைப் பிழிந்து காட்டினாள்.

"அதுக்கப்புறம் எல்லாம் சிரிச்சாளுங்க, நான் மட்டும்தான் சிரிக்கல" என்றார் பச்சையம்மா.

அடுத்து அவர் சொன்னதை அப்படியே கோப்பில் எழுதி வைத்தேன். அந்தப் பக்கத்தில் நடவு தொடங்கும் அன்று வயலின் வடகிழக்கில், சனி மூலையில் கற்பூரம் ஏற்றி, ஒரு பெண் முதல் நாற்றுப் பிடியை ஊன்றுவாள். அதற்குப் பிறகுதான் செட்டு இறங்கும். பத்தொன்பது வருடமாக அந்தப் பிடியை ஊன்றியவர் பச்சையம்மா. அவர் கை ராசி என்பது அங்கே பேச்சு. வண்டி விஷயம் பரவிய பிறகு நிலத்துக்காரர் வீட்டம்மா, சாமி காரியத்துக்கு ஈரப் புடவை ஆகாது என்று சொல்லிவிட்டார். பிடியைச் சரசு கையில் கொடுத்தார்கள். பச்சையம்மாவைக் கடைசி வரிசைக்குத் தள்ளினார்கள்.

"ஐப்பசில கோமுகி டேம்ல தண்ணி வுடுவாங்க. அதுக்குள்ள நான் சரியாவணும். சனி மூலைல நான்தான் நிக்கணும். ஆவுமா ஆவாதா, அத்த மட்டும் சொல்லு மேடம்."

"ஆவும்" என்றேன். அப்படி உறுதி சொல்லும் உரிமை எனக்கு இல்லை. ஆனாலும் சொன்னேன்.

என் தவறு

எங்கள் பிசியோ பகுதிக்குக் கதவு கிடையாது. எலும்பு டாக்டரின் ஓ.பி. வரிசை நிற்கும் நடையின் ஓரத்தில் இரண்டு மேசை, ஒரு ஷோல்டர் புல்லி, வலிக்கு மின்சாரம் வைக்கும் ஒரு ஐ.எஃப்.டி. மெஷின். மேசைக்கும் வரிசைக்கும் நடுவில் மூன்றடி. அன்று புல்லியில் ஓர் ஓய்வுபெற்ற வாத்தியார் கை ஏற்றி இறக்கிக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே நான் கிசுகிசுத்தேன். எந்தத் தசை என்று காட்டவில்லை, தொட்டுப் பார்க்கவில்லை. அச்சடித்த தாளில் இருந்ததைச் சுருக்கிச் சொன்னேன். சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்திப் பாருங்கள், நிறுத்துகிற தசைதான் அது, அதைப் பிடித்துப் பத்து எண்ணுங்கள், ஒரு நாளைக்கு மூன்று சுற்று. ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்.

பதினைந்தாம் நாள் வந்தார். கண் சிவந்திருந்தது. நெற்றியில் கை வைத்தேன், சுட்டது. ஆனால் முகத்தில் ஒரு பெருமை.

"மேடம், நீங்க பத்து எண்ணச் சொன்னீங்க. நான் காலைல ஆறு மணிக்குப் புடிச்சா சாயங்காலம் நாலு மணிக்குத்தான் வுடறேன். மக்காச்சோளக் கொல்லைல களை வெட்டு. ஒரு வாட்டிகூட ஒதுங்கல. எங்க செட்டுலயே இப்ப நான்தான் ஜாஸ்தி நேரம்."

"ஜாஸ்தி நேரம்னா? மத்தவங்களுமா?"

"எல்லாருந்தான். எங்க போறது? ரோட்டுப் பக்கம் ஆம்பளைங்க. மறுபக்கம் மோட்டார் கொட்டாய். விடியறதுக்குள்ள போயிட்டு வண்டி ஏறிடுவோம். வூட்டுக்கு வந்துதான் மறுபடியும்."

"தண்ணி?"

"தண்ணி குடிச்சாத்தான வரும்? காலைல வெறும் வாயிதான். மதியானம் கஞ்சிக்கு மேல ஒரு முழுங்கு."

அந்தச் செட்டில் அடக்கி வைப்பது ஒரு திறமை. யார் நடுவில் ஒதுங்கக் கேட்காமல் வரிசையை முடிக்கிறார்களோ அவர்கள் கெட்டிக்காரிகள். ஒதுங்கக் கேட்பவளுக்காக வரிசை நிற்க வேண்டும், மேஸ்திரி முணுமுணுப்பார். முப்பது வருடம் அப்படிப் பழகிய ஒருவரிடம் போய், சிறுநீரை நிறுத்திப் பழகு என்று நான் சொல்லியிருக்கிறேன். அவருக்குத் தெரிந்த வழியில், அவரால் முடிந்த அளவுக்கு, அதைச் செய்திருக்கிறார். பயிற்சி என்று அவர் செய்தது பயிற்சியே அல்ல. சிறுநீர்ப் பை நிரம்பி நிற்பது வேறு, தசையை இழுத்து விடுவது வேறு.

சிறுநீர்ப் பரிசோதனையில் தொற்று என்று வந்தது. டாக்டர் மாத்திரை எழுதினார். ஒரு வாரம் பயிற்சி எதுவும் வேண்டாம் என்றேன். மூன்று வாரம் வீணாயிற்று. ஐப்பசி நடவுக்கு மீதி இருந்தது பத்து வாரம்.

அவருடைய கோப்பில் எழுதினேன்: பயிற்சி தவறாகச் சொல்லித் தரப்பட்டது, தவறு என்னுடையது. கையெழுத்துப் போட்டேன். நம் துறையில் அப்படி எழுதும் வழக்கம் இல்லை. எழுதிய பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. முதலில் என் மேல். அப்புறம் அந்தக் கதவில்லாத நடையின் மேல்.

கதவு

மேனேஜரிடம் போனேன். ஒரு அறை வேண்டும், கதவு வேண்டும், உள்ளே தாழ்ப்பாள் வேண்டும் என்றேன்.

"யாருக்கு மேடம்? ஒரு பேஷண்டுக்கா? முட்டிவலிக்காரங்க வாசல் வரைக்கும் நிக்கிறாங்க. நீங்க ஒருத்தரோட அரை மணி நேரம் கதவ சாத்திகினு இருந்தா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

"எனக்குச் சொல்லுங்க. நடையில வெச்சி எப்படிச் சொல்லித் தர்றது?"

"வயசானா வர்றதுதான மேடம் இது. எங்கம்மாவுக்குக்கூட இருக்குது. அவங்க இன்னா எக்சர்சைஸா பண்ணிகினு இருக்காங்க?"

"பண்ணல. அதனாலதான் இன்னும் இருக்குது. கூட்டிகினு வாங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மேசை மேல் இருந்த பேனாவைப் பார்த்தார். மாவுக்கட்டு அறை மதியம் ஒன்றே காலிலிருந்து இரண்டு மணி வரை காலியாக இருக்கும், அந்த நேரம் நீங்கள் சாப்பிடப் போகும் நேரம்தானே என்றார். வேண்டாம் என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தார் போலும். சாவியை வாங்கிக்கொண்டேன். அடுத்த மூன்று மாதம் என் டிபன் பாக்ஸை இரண்டு மணிக்குப் பிறகு திறந்தேன்.

மாவுக்கட்டு அறையில் ஒரு கட்டில், ஒரு கழுவு தொட்டி, தரையெல்லாம் வெள்ளைத் தூள். பச்சையம்மா உள்ளே வந்ததும் முதலில் தாழ்ப்பாளைத் தானே போட்டு இழுத்துப் பார்த்தார். பிறகு சாக்கைக் கட்டில் மேல் விரித்தார். நான் எடுக்கச் சொல்லவில்லை.

மல்லாந்து படுக்கச் சொல்லி, முழங்காலை மடக்கச் சொன்னேன். ஒரு கை அடிவயிற்றின் மேல். "வயிறு இறுகக் கூடாது. பின்பக்கம் இறுகக் கூடாது. மூச்ச அடக்கக் கூடாது. உள்ள மட்டும் மேல இழுக்கணும். மூத்திரத்த மறந்துடுங்க. கூட்டத்துல காத்துப் பிரியாம புடிப்பீங்க இல்ல, அந்த எடம்."

"அது தெரியும் மேடம்" என்றார் சட்டென்று. "சின்னசேலத்துல பொண்ணு குடுத்துக்கிறேன். சம்பந்தி வூட்ல மொச்சக்கொட்ட போட்டுட்டு பஸ் ஏத்தி வுட்டாங்க. கள்ளக்குறிச்சி வரைக்கும் அந்த எடத்தத்தான் புடிச்சிகினு வந்தேன்."

இருவரும் சிரித்தோம். அவர் சிரிப்பைப் பாதியில் நிறுத்தி, கீழே சாக்கைத் தடவிப் பார்த்தார்.

அனுமதி கேட்டு, கையுறை போட்டு, தொட்டுப் பார்த்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. இழுக்கச் சொன்னபோது அவர் கீழ்நோக்கி முக்கினார். பிரசவத்தில் பழகியது. மேலே, மேலே என்று நான்கு முறை சொன்ன பிறகு விரலைச் சுற்றி மெல்லிய ஒரு பிடிப்பு வந்தது. இரண்டு எண்ணுவதற்குள் விட்டுப்போயிற்று. பத்து எண்ணச் சொல்லி அனுப்பியிருந்தேன் இவரை.

எனவே இரண்டிலிருந்து தொடங்கினோம். இரண்டு எண்ணும் வரை பிடி, நான்கு எண்ணும் வரை முழுதாக விடு. அப்படி எட்டு. அதன் பிறகு சட்டென்று இழுத்துச் சட்டென்று விடுவது எட்டு. ஒரு நாளைக்கு மூன்று சுற்று. வாரம் ஒரு எண் கூட்டலாம், வலித்தால் கூட்டக் கூடாது. முதலில் படுத்தபடி, பிறகு உட்கார்ந்து, கடைசியில் நின்றுகொண்டு. விடுவதும் பயிற்சிதான், விடத் தெரியாத தசை களைத்துவிடும். சிறுநீர் கழிக்கும்போது இதைச் செய்யவே கூடாது என்று மூன்று முறை சொன்னேன்.

தண்ணீர்தான் கடினமாக இருந்தது. காலையில் ஒரு சொம்பு குடித்துவிட்டுப் போங்கள், களை வெட்டில் நடுவே இரண்டு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள், மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை ஒதுங்குங்கள் என்றேன். அவசரம் வந்தால் ஓடாதீர்கள், நின்ற இடத்தில் நில்லுங்கள், ஐந்து முறை சட்டென்று இழுத்து விடுங்கள், அடங்கிய பிறகு நடந்து போங்கள்.

"எங்க நடந்து போறது மேடம்?" என்றார்.

கோப்பில் அந்தக் கேள்வியையும் எழுதினேன்.

கடைசியாகக் கற்றுக்கொடுத்ததுதான் அவருக்குப் பிடித்தது. இருமல் வரப்போகிறது என்று தெரிந்தால், இருமுவதற்கு முன்னால் ஒரு பிடி. தும்மலுக்கு முன்னால் ஒரு பிடி. நாற்று முடியைத் தூக்கக் குனிவதற்கு முன்னால், குடத்தை இடுப்பில் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு பிடி. முதலில் பிடி, பிறகு வேலை.

சோதிக்க ஒரு வழி வைத்திருந்தேன். தண்ணீர் குடித்து ஒரு மணி நேரம் ஆனபின், தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன் மேல் கால் அகட்டி நின்று மூன்று முறை பலமாக இருமச் சொல்வேன். ஈரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுவேன். முதல் நாள் கோடு அவர் உள்ளங்கையை விடப் பெரியது. வானிலைச் செய்தி முழுவதும் நனைந்து, பக்கத்திலிருந்த மரவள்ளிக் கிழங்கு விலைக்கும் ஓடியிருந்தது.

அவர் அந்தத் தாளைக் குனிந்து பார்த்தபடி கேட்டார்: "ஒங்களுக்கு இருக்குதா மேடம்?"

இருபத்தாறு வருடத்தில் எந்த நோயாளியும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. "இருக்குது. தும்மும்போது" என்றேன். "ரெண்டு வருசமா கைப்பைல ஒரு பேடு வெச்சிகினு சுத்தறேன்."

"அடிப்பாவி. வைத்தியத்தக் கைல வெச்சிகினா?"

"ஆமா."

"அப்ப படு நீயும்."

அடுத்த முறையிலிருந்து நான் சுவரோரம் ஒரு பாயை விரித்துக்கொண்டேன். எண்ணுவது அவர் பொறுப்பு. நான் ஏமாற்றி மூச்சை அடக்கினால் கண்டுபிடித்துவிடுவார்.

ஆறாவது வாரம்

எப்படி மாத்திரைக்கு ஒரு வேகம் உண்டோ அப்படித் தசைக்கும் ஒரு வேகம் உண்டு. அது மெதுவானது. பயிற்சி தொடங்கி நான்கு வாரம் வரை செய்தித்தாளில் பெரிய மாற்றம் இல்லை. ஐந்தாவது வாரம் அவர் வரவில்லை. ஆறாவது வாரம் வந்தார், வாசலிலேயே நின்றார்.

"எம் மருமவ சொல்றா, கர்ப்பப்பைய எடுத்துட்டா ஒரே நாள்ல தீந்துடுமாம். எதுக்கு இந்தப் பாடுன்னு கேக்கறா."

"தீரும்னு எந்த டாக்டர் சொன்னாங்க?"

"டாக்டர் சொல்லல. அவங்க அக்காளுக்கு எடுத்தாங்களாம்."

"அக்காளுக்கு எதுக்கு எடுத்தாங்க?"

"ரத்தப்போக்கு."

"அது வேற. நம்ம டாக்டர் பாத்துட்டுத்தான ஒங்கள எங்கிட்ட அனுப்பினாங்க? பை எறங்கல, அது அங்க சும்மா இருக்குது. ஒழுவறது வேற எடத்துல. கூரை ஒழுவுனா அடுப்ப இடிப்பாங்களா?"

அவர் உள்ளே வந்தார். செய்தித்தாளில் நின்று இருமினார். கோடு போட்டேன். பழைய தாள்களைப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். முதல் நாள் உள்ளங்கை. இப்போது ஒரு வெற்றிலை அளவு. கண்ணால் பார்த்ததும் நம்பினார். அந்த நாளிலிருந்துதான் அவர் சண்டை போடத் தொடங்கினார் என்று நினைக்கிறேன்.

வண்டியில் புதிதாக நடந்ததை அடுத்த வாரம் நடித்தே காட்டினார். சரசு எல்லோரும் கேட்கும்படி கேட்டிருக்கிறாள்: "இன்னாக்கா, வாரா வாரம் கள்ளக்குறிச்சி போறியே, ஒண்ணுக்குப் போவறத்துக்குப் படிப்பு படிக்கிறியா?"

பச்சையம்மா முன்பு போலத் தலையைக் குனிந்துகொள்ளவில்லை.

"ஆமாண்டி, படிக்கிறேன். பாஸும் ஆவப்போறேன். நீ இன்னாத்துக்கு ஒவ்வொரு தும்மலுக்கும் காலப் பின்னிக்கிற? நான் இத்தன நாளா பாத்துகினுதான் இருக்கறேன்."

செல்வராசு முன்னால் கண்ணாடியில் பார்த்துவிட்டு ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாராம்.

ஒன்பதாவது வாரம் மாவுக்கட்டு அறைக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தேன். பச்சையம்மாவுக்குப் பின்னால் நாற்பத்தெட்டு வயதுப் பெண் ஒருத்தி, முகத்தை வேறு பக்கம் திருப்பி நின்றாள். கக்கத்தில் ஒரு சாக்கு.

"இவதான் சரசு" என்றார் பச்சையம்மா. "சும்மா தொணைக்கி வந்தாளாம். தொணைக்கி வர்றவளுக்கு எதுக்குச் சாக்குன்னு நான் கேக்கல."

சரசு உள்ளே வந்து, பாயில் போய்ப் படுத்த என்னையும் கட்டிலில் ஏறிய பச்சையம்மாவையும் பார்த்தாள். "இன்னாங்கடி இது, மேடமும் படுத்துக்கினு இருக்காங்க" என்று வாய்க்குள் சொன்னாள். அன்று மூன்று பேர் எண்ணினோம். அவளையும் டாக்டரிடம் அனுப்பிச் சீட்டு வாங்கிய பிறகு முறையாகத் தொடங்கினாள்.

ஐப்பசி

கோமுகியில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். மலைப் பக்கம் மழை பிடித்துக் கல்வராயன் உச்சி இரண்டு நாளாகத் தெரியவில்லை. புதன்கிழமை நடவு என்று பச்சையம்மா போன் செய்தார். "வந்து பாருங்க" என்று மட்டும் சொன்னார். முந்தைய வெள்ளிக்கிழமை தாளில் ஈரம் புளியங்கொட்டை அளவு. முழுதாக நிற்கவில்லை. நின்றுவிட்டது என்று நான் எழுதவும் இல்லை.

காலை ஆறு ஐம்பதுக்கு ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தேன். நாற்று முடிகள் வயலில் வீசப்பட்டுக் கிடந்தன. சனி மூலையில் கற்பூரம், வெற்றிலை, வாழைப்பழம். பதினான்கு பேரும் வரப்பில் நின்றார்கள். யாரும் இறங்கவில்லை.

"எறங்குங்கம்மா, வெயிலு ஏறுது" என்று செல்வராசு கத்திக்கொண்டிருந்தார்.

"எறங்கறோம்" என்றார் பச்சையம்மா. "அந்த மோட்டார் கொட்டாய்க்குப் பின்னால ஒரு மறைப்பு கட்டு. வரப்புல ஒரு கொடம் குடிதண்ணி வெய்யி. பத்து மணிக்கு ஒரு வாட்டி, பன்னெண்டுக்கு ஒரு வாட்டி வரிசைய நிறுத்துவோம். அதுக்கு மொணமொணக்கக் கூடாது."

"இன்னாக்கா புதுசு புதுசா. இத்தன வருசம் இல்லாத மறைப்பு இப்ப எதுக்கு?"

"இத்தன வருசமும் வேண்டித்தான்டா இருந்துச்சு."

நிலத்துக்காரர் வீட்டம்மா வரப்பில் குடை பிடித்து நின்றார். கற்பூரத் தட்டைச் சரசுவிடம் நீட்டினார். "மறைப்பெல்லாம் அப்புறம் பாக்கலாம். நல்ல நேரம் போவுது. சரசு, நீ நடு. பச்சையம்மா தப்பா எடுத்துக்காத, சாமி காரியம். ஒடம்பு ஈரமில்லாதவங்க நடணும்."

பச்சையம்மா குனிந்து தன் சொம்பை எடுத்தார். நிறையத் தண்ணீர். எல்லோர் முன்னாலும் நின்று, நடுவில் நிறுத்தாமல் குடித்து முடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

"முட்டிக்கால் சேத்துல எறங்கப் போறவங்ககிட்ட ஈரத்தப் பத்திப் பேசறீங்களேம்மா" என்றார். "இது மூணு புள்ள பெத்த ஒடம்பு. கொஞ்சம் ஒழுவும். முன்ன மாதிரி இல்ல, கம்மிதான். ஒழுவினாலும் பிடி என்னுதுதான்."

அந்த அம்மா தட்டை இன்னும் சரசு பக்கமே நீட்டிக்கொண்டிருந்தார். சரசு தட்டைத் தொடவில்லை.

"அப்ப நானும் நடக் கூடாதும்மா" என்றாள். "எனக்கும் அதேதான். போன தையில எம் பொடவயப் பிழிஞ்சி அக்கா ஈரம்னு காட்டனனே, அதுல பாதி என்னுது."

வரப்பில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் விட்டார்கள். ஒருத்தி சிரிப்பதற்கு முன்னால் கால்களைச் சேர்த்துக்கொண்டதைப் பார்த்தேன். நிலத்துக்காரர் வீட்டம்மா குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். செட்டு முழுவதையும் ஒரு முறை பார்த்தார். வேறு யாரிடம் தட்டை நீட்டலாம் என்று தேடியிருப்பார். பதினான்கு பேரில் யாரும் கை நீட்டவில்லை. கற்பூரம் அணையப் போனது. தட்டைப் பச்சையம்மாவிடம் கொடுத்தார்.

பச்சையம்மா வரப்பிலிருந்து இறங்கினார். குனிவதற்கு முன்னால் ஒரு நொடி நின்றார். அந்த நொடி எதற்கென்று அங்கே தெரிந்தவர்கள் இரண்டு பேர், சரசுவும் நானும். பிறகு குனிந்து பிடியை ஊன்றினார்.

மறைப்பு கட்ட ஓலை கிடைக்கவில்லை. செல்வராசு எங்கோ போய்ப் பழைய ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்றைக் கொண்டுவந்தார். நிலத்துக்காரர் வீட்டுப் பேரனின் காதணி விழா பேனர். நான்கு சவுக்குக் கழி நட்டு, படம் இருந்த பக்கம் வெளியே தெரியும்படி கட்டினார்கள். படத்தில் குடும்பத்தார் வரிசையாகக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். தசையைக் கற்றுக்கொடுக்கும் முன்னால் தண்ணீர் எவ்வளவு குடிக்கிறாய் என்று கேளுங்கள். எங்கே ஒதுங்குகிறாய் என்று கேளுங்கள். கதவில்லாத இடத்தில் இதைச் சொல்லித்தராதீர்கள். கதவு கேட்டுச் சண்டை போடுங்கள். வயதானால் வருவதுதான் என்று சொல்கிறவர் டாக்டராக இருந்தாலும் மேனேஜராக இருந்தாலும் எதிர்த்துப் பேசுங்கள். உங்களுக்கே இருந்தால் மறைக்காதீர்கள், பாயை விரியுங்கள்.

அன்று நான் பத்து மணி வரை அங்கேயே நின்றேன். பத்து மணிக்குப் பச்சையம்மா வரிசையை நிறுத்தினார். பதினான்கு பேரில் பதினொரு பேர் அந்த பேனருக்குப் பின்னால் போய்விட்டு வந்தார்கள்.